செவலையிடம் சொல்லிவிட்டுப் போனவர்

சாகுல் பாயின் மகன் மொபெட்டை நிறுத்திவிட்டு என் வாடகை சைக்கிள் கடைக்குள் வந்தபோது நான் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா" என்றான். டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல யாரு இருந்தா?" என்பதுதான்.

"உம்மா இருந்தாங்க. டீ குடிச்சிட்டு உம்மா தோள்ல சாஞ்சாங்க, அவ்வளவுதான்."

"நல்லதாப் போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சைக்கிள் எடுக்க வந்திருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. காரைக்கால் ரயிலடி ஸ்டாண்டில் பாயை அறிந்த உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பேரளம் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஜட்கா வண்டி வைத்திருந்த நாங்கள் ஐந்து பேர், ரயிலடிக்குப் பின்னால் ஒரு பழைய தேங்காய்க் கிடங்கை வாடகைக்குப் பிடித்து லாயமாக்கியிருந்தோம். மூங்கில் தடுப்பு வைத்து ஆளுக்கொரு அறை. என் பெட்டைக் குதிரை செவலையும் பாயின் குதிரை சுல்தானும் பக்கத்துப் பக்கத்து அறைகள். ஆனால் பாயும் நானும் பேசிக்கொள்வதில்லை. செவலையை நான் வாங்கி வந்த அன்று, அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டே கேட்கும்படி அவர் சொன்னார்: "குதிரை நல்ல குதிரைதான். ஓட்டுறவனத்தான் மாத்தணும்." எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

பிறகு ஒரு மழைநாளில் அம்பகரத்தூர் சாலையில், உடைந்த மதகில் செவலையின் பின்னங்கால் இறங்கிவிட்டது. குளம்புக்கு மேலே சதை பிளந்து தொங்கியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் தையல் போட்டுக் கட்டிவிட்டு, "அசையாம நின்னா பொழைக்கும். எட்டி உதைச்சு தையல் பிரிஞ்சிதுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மறுநாளே ஒரு தரகர் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். நொண்டிக் குதிரைகளை அவர் எங்கே கொண்டுபோவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் போனால் வண்டியும் போனது போலத்தான். வீட்டில் கைக்குழந்தை வேறு.

டாக்டர் சொன்னபடி நிற்க அவள் தயாராக இல்லை. காலை ரயிலுக்கு மற்ற நான்கு வண்டிகளும் கிளம்பும்போது சலங்கைச் சத்தம் கேட்குமல்லவா, அது தேய்ந்து மறைந்ததும் கனைக்க ஆரம்பிப்பாள். அடுத்து பலகையை உதைப்பாள். கூட்டத்தில் வளர்ந்த குதிரைக்குக் காலியான லாயம் ஆகாது. நானோ கூலிக்கு விறகு வாடிக்குப் போயாக வேண்டும். முதல் நாள், வாடியில் நின்றபடியே மனதெல்லாம் லாயத்தில் கிடக்க, உச்சிவெயிலில் ஓடி வந்தேன்.

லாயம் அமைதியாக இருந்தது. பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தேன். செவலையின் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு சாகுல் பாய் உட்கார்ந்திருந்தார். காலை ரயில் சவாரியோடு நிறுத்திக்கொண்டு திரும்பி, சுல்தானைப் பக்கத்து அறையில் கட்டிவிட்டு, செய்தித்தாளை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். வெங்காய விலை, காணாமல் போனவர் அறிவிப்பு எல்லாம் ஒன்று விடாமல். அவள் அவர் தோளுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் பாய் தாளை மடித்தார். என்னிடம் பேசவில்லை, செவலையிடம் சொன்னார்:

"மவளே, ஒன் ஆளு வந்தாச்சு. கொள்ளு பாதிதான் தின்னேன்னு நீயே சொல்லிரு. நான் கெளம்புறேன்."

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. "செவலை, சரின்னு சொல்லு" என்றேன்.

அப்படித்தான் எங்கள் பேச்சுவார்த்தை தொடங்கியது. தினமும் காலைச் சவாரியோடு திரும்பி அவள் அறையில் உட்கார்ந்துவிடுவார். நான் வரும்வரை வாளியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒருநாள் வாடியில் லாரி வர, எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்று அவருக்குப் பகல் சாப்பாடே இல்லை. "மவளே, ஒன் ஆளுக்கு மணி பாக்கத் தெரியாதான்னு கேளு" என்றார். "லாரி வந்துருச்சுன்னு சொல்லு, செவலை" என்றேன். "ரெண்டு பெரிய மனுசங்க சேந்து ஒரு குதிரைய தபால்காரன் ஆக்கிட்டீங்க" என்று ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று யாரோ பாயிடம் கேட்டதற்கு, "அவ கத்துனா என் சுல்தான் தீனி எடுக்க மாட்டேங்குறான். மத்தபடி அந்த ஆளு மேல எனக்கென்ன பாசமா?" என்றாராம்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் ஜட்காக்காரனுக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். திருநள்ளாறு போகும் கூட்டத்தில் வாரத்துச் சம்பாத்தியத்தில் பாதி வந்துவிடும். அன்றைக்கும் அவர் உட்காருவார் என்று நான் நினைக்கக்கூட இல்லை. என் மச்சானைக் கூப்பிட்டுக் காவல் வைத்துவிட்டு வாடிக்குப் போனேன். மச்சான் நல்லவன்தான், ஆனால் குதிரை என்றால் பயம். வாசலிலேயே நின்றுகொண்டு "ஏய், சும்மா நில்லு" என்று அதட்டியிருக்கிறான். அவள் உதைக்க ஆரம்பித்துவிட்டாள். கட்டுக்கு வெளியே ரத்தம் கசிந்ததும் மச்சான் ரயிலடிக்கு ஓடினான். அங்கே பாயின் வண்டியில் ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர்களை இறக்கி, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, பாய் சுல்தானை லாயத்துக்குத் திருப்பினார்.

நான் வந்து சேர்ந்தபோது டாக்டர் புதுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார். ஒரு தையல்தான் பிரிந்திருந்தது. பாய் வாளியில் உட்கார்ந்து அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "செவலை, இன்னிக்கு சனிக்கிழமையாச்சேன்னு அவருகிட்ட கேளு" என்றேன்.

"சனிக்கிழம அடுத்த வாரமும் வரும், மவளே. போன காலு வராது."

அடுத்த சனிக்கிழமையும் அவர் போகவில்லை. நானே கெஞ்சிப் பார்த்தேன், அதையும் சுல்தானிடம்தான் கெஞ்சினேன். சுல்தானும் பாயைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கட்டைப் பிரித்து லாயத்து வாசலில் அவளை நடத்திப் பார்த்த நாளை மறக்கவே முடியாது. டாக்டர் கயிற்றைப் பிடிக்க, அவள் முதலில் நுனிக்குளம்பை வைத்தாள், யோசித்தாள், பிறகு முழுக்காலையும் ஊன்றினாள். அப்படியே ரயிலடிப் பக்கம் இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதேன். "மவளே, அழுவுற ஆளப் பாத்து நீ பயப்படாத" என்றார் பாய். அவள் மறுபடி வண்டி பூட்டி ஸ்டாண்டுக்கு வந்த அன்று, சவாரி ஏற்றும் வரிசையில் முதல் முறை பாயுடையது. "சுல்தான், தள்ளி நில்லு. பொம்பள வர்றா" என்று தன் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பேச்சு மட்டும் நேராக வரவே இல்லை. அதில் ஒரு சுகம் ஏற்பட்டுவிட்டது. ஆட்டோக்கள் வந்தன, லாயத்தைக் காலி செய்தோம், செவலை வயதாகி என் கொல்லையிலேயே கண்ணை மூடினாள், சுல்தானும் போனான். அதற்குப் பிறகும் டீக்கடையில் சந்தித்தால் நடுவில் நிற்கும் பெஞ்சையோ ஆட்டையோ பார்த்துத்தான் பேசிக்கொள்வோம்.

இந்த ஆண்டு திருமலைராயன்பட்டினத்தில் மகன் வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து பாய் படுக்கையில் விழுந்தார். காலையில் மகன் கடைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் அவர் மனைவி மார்க்கெட்டுக்கும் போனதும், தனியாகக் கிடந்து சத்தம் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அது என்ன சத்தம் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாளே கடையைக் கொஞ்ச நேரம் பூட்டிவிட்டு செய்தித்தாளோடு போய் உட்கார்ந்தேன். வெங்காய விலையிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணை மூடியபடியே அவர் கேட்டார்: "செவலை, ஒன் ஆளு வந்திருக்கானா?"

"வந்திருக்கான்னு சொல்லு, செவலை."

பிறகு தினமும் அப்படித்தான். கடைசியாகப் போன அன்று அவர் மனைவி மீன்பையோடு உள்ளே வர, நான் எழுந்தேன். பாய் கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். "தங்கராசு, அவ வந்துட்டா. நீ கெளம்பு" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் பெயர். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இன்னொருவர் வந்து சேரும்வரை வாளியை விட்டு எழாத அந்தப் பிடிவாதம்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவர் மகனிடம் முதலில் கேட்டதும் அதனால்தான். தனியாகப் போகவில்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, பள்ளிவாசல் மதிலோரம் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். பிறகு சொல்ல வேண்டியவளிடம் சொன்னேன்:

"செவலை, பாய் வந்தாச்சு. நான் கெளம்புறேன்."