ஆரம்ப நிலைக் கசிவு

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன் ஒரு பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு எத்தனை நாள் கும்பிடுவது? அதனால் எழுதுகிறேன்.

சிதம்பரம் பக்கம் வாய்க்கால் கரையைக் காவல் பார்க்கும் லஸ்கர் வேலை எனக்கு. கசிவு கண்டால் நோட்டில் எழுத வேண்டும். நண்டு வளை வழியாகத் தெளிந்த தண்ணீர் வந்தால் அதற்கு 'ஆரம்ப நிலை' என்று பெயர். நாலு கூடை மண் கொட்டி மிதித்தால் நின்றுவிடும். தண்ணீர் கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அதற்கு அந்தச் சொல் ஆகாது. அன்றைக்கே மணல் மூட்டை வந்தாக வேண்டும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஐப்பசி அடைமழை. கரைக்குக் கீழே குடியிருந்த அஞ்சலை அக்கா ஒரு சொம்பில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து வந்தார்.

"தம்பி, இத பாரு. டீத்தண்ணி மாரி வருது. எங்கூட்டுக்காரரு கால் முடியாதவரு. தூக்கிக்கினு ஓட முடியுமா நானு?"

"சார்கிட்ட சொல்றேன்க்கா."

சொம்போடு போய் எங்கள் இளநிலைப் பொறியாளர் ஜே.இ.யிடம் சொன்னேன். ஜே.இ. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"போன மாசந்தான்யா கரை பலமா இருக்குன்னு எழுதி அனுப்பிச்சேன். இப்ப கலங்கல்னு எழுதினா, நான் போயே பாக்கலன்னு ஆயிடும். ஆரம்ப நிலைன்னு போடு. மழ வுடட்டும், பாத்துக்கலாம்."

போட்டேன். அக்காவிடமும், "ஆரம்பந்தான்க்கா, பயப்படாத" என்றேன்.

மறுநாள் மத்தியானம் கரை உடைந்தது. அக்கா அரிசி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கட்டிலில் படுத்திருந்த அவர் வீட்டுக்காரர் சாயங்காலம் கருவேல முள்ளில் கிடைத்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் என் நோட்டைப் புரட்டினார்கள். ஆரம்ப நிலைக் கசிவு, யாராலும் கணித்திருக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் ஜே.இ. என் தோளைத் தட்டினார்.

"உன் கையெழுத்துதான்யா நம்மளக் காப்பாத்துச்சு."

வாசலில் அக்கா நின்றிருந்தார். திட்டவில்லை.

"நீ சொன்னதாலதான தம்பி நான் அவர வுட்டுட்டுக் கடைக்குப் போனேன்?"

இன்றும் கோயிலுக்குப் போகிறேன். திருநீறு பூசிக்கொள்கிறேன். அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தண்ணீரைக் கையில் ஏந்திப் பாருங்கள். பிறகு எழுதுங்கள். நான் எழுதிய இதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உள்ளபடியே கொடுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் தணிக்க வேண்டாம். அன்று தண்ணீர் கலங்கித்தான் வந்தது.