பூரணி பெயரில் போனவள்

பீ...ப்!

நீளமாக ஒரே ஒரு சத்தம். மூன்று விநாடி அமைதி. பிறகு மறுபடியும்... பீ...ப்!

பழைய கம்பியூட்டர் அப்படிக் கத்தினால், உள்ளே ராம் என்ற நினைவகத் தகடு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பதினொரு வருடமாக எனக்கு இதுதான் தொழில். பயப்பட ஒன்றுமில்லை. அன்று பிற்பகல் 2.20க்கு நானும் பயப்படவில்லை.

3.50க்கு அதே அறையிலிருந்து, படியில் உருண்டு விழாத குறையாக ஓடி இறங்கினேன். இடையில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் ஹட்டனில் என் கடைக்கு வரலாம். அந்தக் கம்பியூட்டரில் இருந்த கோப்பையே திறந்து காட்டுகிறேன்.

2023 ஜூலை 14. வெள்ளிக்கிழமை. நோர்வூட் டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடி.

என்னை அங்கே கூட்டிப்போனவர் பூரணி அக்கா. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். வயது நாற்பத்து மூன்று. முதல் நாள்தான் என் கடைக்கு வந்திருந்தார்.

"பூட்டி வச்ச கம்பியூட்டர தொறப்பீங்களாமே தம்பி?"

"தொறக்கலாம். என்னக்கா இருக்கு அதுல?"

"என் தங்கச்சி இருக்கா."

விஷயம் இதுதான். 2008இல் நோர்வூட்டில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று இருந்தது. வீட்டு வேலைக்குப் போகப் பெயர் கொடுத்தவர் பூரணிதான். கடைசி நேரத்தில் அவருக்குக் கால் வரவில்லை. இடுப்பில் கைக்குழந்தை. "நான் போறேன்க்கா" என்று முன்னால் வந்தவள் தங்கை பிரியந்தி. அவளுக்குப் பத்தொன்பது. வயது போதாது. அதனால் அக்காவின் அடையாள அட்டையைக் காட்டி, அக்காவின் பெயரில் பாஸ்போர்ட் எடுத்தார்கள். படம் மட்டும் அவளுடையது. அப்படிப் போனவர்கள் அந்த நாட்களில் எங்கள் பக்கம் உண்டு. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மூன்று வருடம் போன் வந்தது. 2011 கடைசியில் நின்றுபோனது.

பூரணி அக்கா ஏறி இறங்காத ஒபிஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. பாஸ்போர்ட் நம்பர் என்ன? வேலை செய்த வீட்டுக்காரர் பெயர் என்ன? இரண்டும் ஏஜென்சியின் கம்பியூட்டருக்குள் இருந்தன. ஏஜென்சி மூடியாகிவிட்டது. நடத்தியவரும் இறந்துவிட்டார். கம்பியூட்டர், அவருடைய மைத்துனர் கஜேந்திரனின் அந்த இரும்புக் கடை மாடியில் கிடந்தது.

"நாலு மணிக்குப் பழைய இரும்பு லொறி வருது தம்பி," என்றார் கஜேந்திரன், ஆணி நிறுத்துக்கொண்டே. "அதுக்குள்ள ஒங்க ஆப்பரேசன முடிங்க. பொழச்சா ஒங்களுக்கு, செத்தா லொறிக்கு."

"ஒரு நாள் பொறுத்துப் போடக் கூடாதா மொதலாளி?" என்றார் பூரணி அக்கா.

"பதினொரு வருசமா எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கும்மா. இன்னைக்குத்தான் லொறிக்காரன் ஆம்புட்டான்."

பூரணி அக்கா என் பக்கம் திரும்பினார். பஸ் இறங்கி மழையில் நனைந்து வந்ததில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க ஏறுங்க தம்பி. ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வந்துர்றேன்."

மேலே ஒரே அறை. பலகைத் தரை. ஒரு ஜன்னல். வெளியே மிஸ்ட் இறங்கி, எதிர்க் கடை தெரியவில்லை. பிற்பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. தரையில் விரல்கனத்துக்குத் தூசி. நான் நடந்த இடமெல்லாம் சப்பாத்து அடையாளம் பதிந்தது.

ராமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன். 2.34க்குத் திரை உயிர் பெற்றது. உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்திருந்ததால், திகதி 2002 ஜனவரி 1 என்று காட்டியது. பழைய மெஷின்களில் அது வழக்கம்.

2.41க்கு ஏஜென்சியின் கோப்பு கிடைத்தது. பாஸ்வேர்ட் கேட்டது. அந்தக் காலத்துக் கோப்புகளைத் திறக்க என்னிடம் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. ஓட விட்டேன். ஏழு எழுத்து சரியாக வந்தது. கடைசி நாலும் குப்பையாக வந்தன.

2.58.

படி கிறீச்சிட்டது. யாரோ ஏறி வரும் சத்தம். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்கக்கா. இன்னும் தொறபடல."

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் வேறொரு சத்தம்.

சர்...க். சர்...க்.

ஈரத் துணியால் தரை துடைக்கும் சத்தம். நடுநடுவே வாளிப் பிடி விழும் 'டிங்'. தரை கழுவும் மருந்தின் வாசனை மூக்கைக் காந்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை செய்து பழகிய கை, சும்மா இருக்காது.

"எதுக்குக்கா தொடைக்கிறீங்க? நாலு மணிக்கு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போகப் போறாங்க."

சர்...க். சர்...க்.

"ஒக்காந்தா ஏசுவாங்கண்ணே."

அண்ணே? காலையிலிருந்து என்னைத் தம்பி என்றுதானே கூப்பிட்டார்? அந்த நினைப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. என் கவனமெல்லாம் அந்த நாலு எழுத்தில் இருந்தது.

3.12. பத்தாவது தடவையும் தப்பு. 3.20. இருபதாவது தடவையும்.

"ரெண்டாயிரத்தி எட்டு போட்டுப் பாருங்கண்ணே."

போட்டேன். திறந்தது!

"எப்படிக்கா தெரியும்?"

"ஏஜென்சில இருந்த மிஸ் அடிக்கிறப்ப பக்கத்துல நின்னேன்."

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பெயர் கொடுக்க வந்தவர் அவர்தானே. நின்றிருப்பார்.

மொத்தம் 412 கஸ்டமர்கள். பூரணி என்று தேடினேன். ஒரே ஒருவர். இலக்கம் 287. படம் மெதுவாக, மேலிருந்து கீழாக, கோடு கோடாக வந்தது. இழுத்துச் சீவிய தலை. ஒல்லிக் கழுத்து. சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம். பக்கத்தில் பாஸ்போர்ட் நம்பர், வீட்டுக்காரர் பெயர், தெரு, நகரம்... எல்லாம் இருந்தன.

"அக்கா, கெடச்சிருச்சு! வந்து பாருங்க!"

துடைக்கும் சத்தம் நின்றது.

"பேரு தப்பா இருக்குண்ணே."

"பாஸ்போர்ட்ல உள்ள பேருதான்க்கா இருக்கும். நம்ம மாத்தக் கூடாது."

"என் பேரு அது இல்ல."

என் விரல்கள் கீபோர்ட்டின் மேல் அப்படியே நின்றன.

பூரணி அக்காவின் பெயர் பூரணி. அது அவர் பெயர் இல்லையென்றால்...

திரும்ப நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை.

3.41. லைட் போனது. கீழே கஜேந்திரன் கத்தினார். "கரண்ட் போச்சு!" கடையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் இழுத்து இழுத்து நின்றது.

என் முன்னால் இருந்த திரை அணையவில்லை.

யூபிஎஸ் இல்லை. பற்றரி இல்லை. வயர் நேராகச் சுவர் பிளக்கில். அந்தப் பிளக்கில் கரண்ட் இல்லை. ஆனால் திரை எரிந்துகொண்டிருந்தது.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

பெயர் இருந்த கட்டத்தில் ஒரு எழுத்து அழிந்தது.

இன்னொரு எழுத்து...

இன்னொன்று...

கட்டம் வெறுமையானது. பிறகு புதிய எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றாக. தட்டத் தெரியாதவர் தேடித் தேடித் தட்டுவதுபோல. கீபோர்ட்டில் ஒரு கட்டையும் அசையவில்லை.

பிரியந்தி.

திரை பட்டென்று அணைந்தது.

போன் டோர்ச்சைப் போட்டு, எப்படியோ திரும்பினேன்.

யாரும் இல்லை.

வாளி இல்லை. துணி இல்லை. தரையில் ஒரு துளி ஈரமில்லை. தூசி அப்படியே கிடந்தது. வாசலிலிருந்து என் நாற்காலி வரை ஒரே ஒரு சோடி சப்பாத்து அடையாளம்.

என்னுடையது.

ஓடத்தான் எழுந்தேன். ஆனால் நாலு மணிக்கு லொறி. நான் வெறுங்கையோடு இறங்கினால், அந்த நம்பர் இரும்போடு இரும்பாகப் போய்விடும். பூரணி அக்காவுக்கு வேறு வழியே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியே ஆக வேண்டும்.

நாலு ஸ்குரூ.

டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன்.

முதலாவது கழன்றது. வாசல் பக்கம்... சர்...க்.

இரண்டாவது. சர்...க். கொஞ்சம் கிட்டே.

மூன்றாவது ஸ்குரூ விரலிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. சர்...க். நாற்காலிக்குப் பின்னால்.

நாலாவது சுற்றிக்கொண்டே இருந்தது. வரவில்லை.

டிங்.

வாளியை வைக்கும் சத்தம். என் காலடியில்.

பல்லைக் கடித்து இழுத்தேன். வயரோடு பிய்ந்து வந்தது.

காதுக்குப் பக்கத்தில்... மிகப் பக்கத்தில்...

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே."

ஓடினேன்.

படியடியில் பூரணி அக்கா நின்றார். ஒரு கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் பிளேன்டி. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. என் நடுக்கத்தைப் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

"கெடச்சிச்சா தம்பி?"

டிஸ்க்கைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

அன்று ஹட்டனில், என் கடையில், இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன். இலக்கம் 287. பாஸ்போர்ட் நம்பர் இருந்தது. வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. ஆளின் பெயர், பிரியந்தி. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். 2023 ஜூலை 14, பிற்பகல் 3.43. அந்த மெஷினின் கடிகாரமோ 2002இல் நின்றிருந்தது.

விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். பூரணி அக்கா கொழும்பிலுள்ள வெளிநாட்டு வேலை ஒபிஸுக்கு எழுதிப் போட்டார். பதில் வர ஒக்டோபர் ஆகிவிட்டது. கடிதம் வந்த அன்றே எனக்குப் போன் எடுத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அந்தப் பாஸ்போர்ட்டில் சென்ற பெண் 2011 நவம்பர் 9ஆம் திகதி அந்த நாட்டில் இறந்துவிட்டாள். காரணம், இருதயம் நின்றுபோனது. வேறு விவரம் இல்லை. அங்கேயே அடக்கம். எழுதப்பட்ட பெயர், பூரணி.

மூன்று மாதமாக எனக்குள் கிடந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு மேல வந்து எங்கூடப் பேசினது நீங்கதானே? பாஸ்வேர்ட் சொன்னது நீங்கதானே?"

மெல்லச் சொன்னார்.

"பாதிப் படி ஏறினேன் தம்பி. ஒங்ககிட்ட அவ பேசிக்கிட்டு இருந்தது கேட்டிச்சு. அது பிரியந்தி கொரலுன்னு தெரிஞ்சுதான்... நான் மேல வரல."