செல்லத்தம்பி அண்ணையும் மற்றக் காலுறையும்

அரிசிக் கூப்பன் வரிசையில் நின்ற என் தோளைத் தட்டிக் கிண்ணியாப் படகுக்காரர் காசிம் நானா சொன்னார்: "உங்கட செல்லத்தம்பி மவுத்தாயிட்டார். காய்ச்சல்." சாவுச் சேதி கேட்டால் நல்ல மனிதர்களுக்குக் கண்ணீர் வரும். எனக்குக் கோபம் வந்தது. "மற்றச் சொக்ஸ் முடிஞ்சுதா?" என்று கேட்டேன். வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அவரை அறிந்த உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணை துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய மீசையும் இடுப்பில் கட்டிய சாரமுமாய் இறங்குதுறையில் குந்தியிருந்து கம்பளி பின்னிய ஒரே திருகோணமலைத் தமிழர். பின்னல் ஒரு வெள்ளைக்கார மாலுமி பழக்கியது. ஊசிகள், தீட்டிய சைக்கிள் கம்பிகள். நூல், மாலுமிகள் கழித்துவிட்ட சட்டைகளை அவிழ்த்து எடுத்தது. அவருடைய தம்பி நடராசா எங்கோ ஒரு குளிர்க்கடலில், கப்பலின் மேல்தட்டில் வேலை. பாதம் வெடித்து இரத்தம் வருகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அதற்குச் சாதாரணக் காலுறை போதாதா? அண்ணைக்குப் போதாது. ஊசியில் நீல நூலில் ஒரு கண்ணி, அடுத்த கண்ணி வெள்ளை நூலில். இப்படி உள்ளுக்கொன்று வெளியேயொன்றாக இரண்டு துணியும் ஒன்றாக வளரும். வெளியே நீலத்தில் வெள்ளைக் கப்பல். புரட்டினால் வெள்ளையில் நீலக் கப்பல். ஒரு பக்கம் ஊத்தையானால் மற்றப் பக்கத்தைப் போடலாமாம். உட்பக்கத்தில் ஒரு கண்ணி பிசகினாலும் அவிழ்ப்பார். உள்ளே யார் பார்க்கிறது என்று கேட்டால், "புரட்டும் வரைக்கும்தான் தம்பி அது உள்பக்கம்" என்பார்.

கணுக்காலை எட்டும்போது புது வில்லங்கம். ஒரு பக்கம் கப்பலின் மூக்கு இடப்புறம், புரட்டினால் வலப்புறம். இடப்புறமென்றால் துறைமுகத்துக்குள் வருகிறதாம், வலப்புறமென்றால் வெளியே போகிறதாம். "ஒரு பக்கம் வாறான், மற்றப் பக்கம் போறான். ஏலாது." இரண்டு பக்கமும் கப்பல் உள்ளே வரவேண்டுமென்று பின்னினார், அவிழ்த்தார், பின்னினார்.

கப்பல் புறப்படும் நாள் ஒருவருக்கும் தெரியக்கூடாத யுத்தகாலம். ஆகவே முழு ஊருக்கும் தெரியும். நடராசா நிற்கும் துறைக்குப் போகவிருந்த ஒரு கப்பற் சமையற்காரரை நான்தான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தேன். அவர் புறப்பட்ட காலையில் அண்ணையின் மடியில் கிடந்தவை அவிழ்த்துச் சுற்றிய இரண்டு நூலுருண்டைகள். கொஞ்சக் காலம் நான் அவரோடு கதைக்கவில்லை.

அடுத்த ஆள் கிடைத்ததும், பின்னலில் கப்பல் எந்தப் பக்கமாவது போகட்டும், பாதத்தை முடியுங்கள் என்று பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். முடித்தார். அளவு பார்க்க என் காலில் மாட்டினார்; நடராசாவுக்கும் எனக்கும் ஒரேமாதிரி வாத்துக்கால். சித்திரை வெயிலில் இரட்டைக் கம்பளி. உச்சந்தலை வரை வியர்த்தது. கப்பல் என் கால்விரல்களைப் பார்த்து நின்றது. கழற்றி, புரட்டி, மறுபடி மாட்டினார். கப்பல் காலின் மறுபுறத்துக்கு மாறியிருந்தது. மூக்கு மட்டும் அதே விரல்களைப் பார்த்தபடி.

அண்ணை நெடுநேரம் குனிந்து பார்த்தார். "அப்ப, கால் போற பக்கம்தான் கப்பலும் போகும்" என்றார். பிறகு நிமிர்ந்து, "உந்தக் காலை இவ்வளவு நாளும் எங்க வைச்சிருந்தனீர்?" என்று என்மேல் பாய்ந்தார்.

கொண்டுபோக வந்த ஆள் அந்த ஒற்றைக் காலுறையோடுதான் கப்பலேறினார். ஒன்றை வைத்து நடராசா என்ன செய்வான் என்று கத்தினேன். "காலை மாத்தி மாத்திப் போடட்டும். மற்றதை வந்து வாங்கட்டும்." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மற்றது இப்போது என்னிடம். செத்தவீட்டில் ஒருவரும் தொடாமல் சைக்கிள் கம்பிகளில் கிடந்தது. விரல்முனை மட்டும் மூடவில்லை. நடராசாவிடமிருந்து சேதி இல்லை. வந்தால் அவனிடம் அண்ணையின் சாவை நான்தான் சொல்லவேண்டும். வெறுங்கையோடு நின்று அதைச் சொல்ல என்னால் ஏலாது. ஆகவே, பார்த்துப் பார்த்துத் தெரிந்த அரைகுறைப் பின்னலில் முனையை மூடத் தொடங்கினேன். நேற்று முடிகிற நேரம், உட்பக்கத்தில் வெள்ளைக்குள் பிசகி ஒரு நீலக் கண்ணி. காலுக்குள்ளே கிடக்கப்போவதை எவன் பார்க்கப் போகிறான்?

பாழாய்ப்போன மனிதர் எனக்கு விட்டுப்போனது இதைத்தான். அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.