பஞ்சுமுடி வைத்த அமெரிக்கர்

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த அமெரிக்கா, ராயபுரம் கோயிலில் ஃபாதர் ஏழைகளுக்குக் கொடுக்க அங்கிருந்து டின் டின்னாக வரவழைத்து வைத்திருந்த பால் பவுடர்தான். வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு காலத்தில் ராஜா இருந்தான், அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்பதெல்லாம் மாமா சொல்லித்தான் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. ரயில்வே பட்டறையில் வேலை. பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த சரித்திரப் புத்தகங்களைப் பொறுக்கிவந்து படிப்பார். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

அது நெருக்கடி நிலைக் காலம். என் அப்பா, நைனா, துறைமுகத்தில் தொழிற்சங்கத்துக்காரர். எல்லாரும் வாயை மூடிக்கொண்ட பிறகும் பேசிக்கொண்டிருந்தார் என்று ஒரு விடியற்காலையில் போலீஸ் வந்து கூட்டிப்போய்ச் சிறையில் வைத்துவிட்டது. எனக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. நைனா கொச்சித் துறைமுகத்துக்கு வேலையாகப் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் முழுக்க அதைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

தெருவில் மட்டும் யாரும் எங்களிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பேசினால் தங்களுக்கும் வம்பு வரும் என்ற பயம். தினமும் எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்து அம்மாவோடு ஊர்க்கதை பேசும் மீன்கார அக்காகூட, எங்கள் வீடு வந்ததும் நடையை எட்டிப்போட ஆரம்பித்தாள். போலீஸ் வந்ததைவிட அதுதான் அம்மாவை உடைத்தது. பூசைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

கோயில் திருநாளில் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி நடக்கும். வேடம் போட்ட பிள்ளை நாலு வரி பேசிவிட்டு "நான் யார்?" என்று கேட்க வேண்டும். கூட்டம் சரியாகச் சொன்னால்தான் பரிசு. வருஷா வருஷம் மூன்று மாதா, இரண்டு டாக்டர், ஒரு போலீஸ்காரர் நிச்சயம். நானும் மாதாவாக ஆசைப்பட்டேன். மாமா என்னை அமெரிக்கராக்குவதென்று முடிவு செய்தார். அதிலும் ராஜாவோடு குதிரையில் போய்ச் சண்டை போட்ட தளபதி வேண்டாமாம். இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய், ஒரு சின்னப் புத்தகம் எழுதி, ராஜா எதற்கு என்று சாதாரண ஜனங்களையே கேட்க வைத்தவர்தான் வேண்டுமாம்.

"துப்பாக்கி தூக்கறதுக்கு முன்னாடி மன்சன் யோசிக்கணும். அந்த யோசனைய குட்த்தவரு இவரு" என்றார்.

"உன் மச்சானுக்கு அமெரிக்கான்னாலே ஆவாதேடா" என்றாள் அம்மா.

"இந்தாளு வேற. மச்சானுக்குப் புட்ச்சிருக்கும்."

வளர்ந்த பிறகு அந்த மனிதரைப் பற்றி நானே தேடிப் படித்து மலைத்துப்போனேன். அன்றைக்கோ அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. பட்டறையில் கை துடைக்கிற வேஸ்ட் பஞ்சில் மாமா செய்த வெள்ளைமுடி, தலையில் வைத்ததும் எண்ணெய் நாறியது. அவருடைய கோட்டு என் பாதம்வரை தொங்கியது.

முன்வரிசையில் ஃபாதருக்குப் பக்கத்தில், விருந்தினராக போலீஸ் இன்ஸ்பெக்டர். மாமா எப்படியோ அம்மாவையும் இழுத்துவந்து கூட்டத்தின் கடைசியில் நிறுத்தியிருந்தார். நான் மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"எங்களைக் கேட்காமல் எங்கள்மேல் வரி போடாதே. எங்கள் சம்மதம் இல்லாமல் எங்களை ஆள உனக்கு உரிமை இல்லை. ராஜாவுக்குப் பிறந்துவிட்டதாலேயே ஒருவன் ராஜா ஆகிவிட முடியாது. நான் யார்?"

மாதாவுக்கெல்லாம் பதில் சொல்லித் தொண்டை கிழியக் கத்திய கூட்டம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அடியெடுத்துக் கொடுக்க மேடையோரம் நின்ற மாமாவை இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

"அமெரிக்காகாரரு சார். செத்து ரொம்ப நாளாச்சு" என்றார் மாமா, கையைக் கட்டிக்கொண்டு.

செத்துப்போன அமெரிக்கரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று யோசிப்பவர்போல இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எனக்கோ பரிசு போய்விடுமே என்ற கவலை. "நான் யார்?" என்று மறுபடியும் கேட்டேன்.

பின்னாலிருந்து மீன்கார அக்காவின் குரல் வந்தது. மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல் அது.

"உங்க நைனாதான்டி."

ஒருவர் கைதட்டினார். பிறகு துறைமுகத்து ஆட்கள், பட்டறை ஆட்கள், கூடைக்காரப் பெண்கள் என்று எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் விடவில்லை. மைக்கை இழுத்து, "தப்பு. எங்க நைனா கொச்சிக்குப் போய்க்கீறாரு" என்றேன். கைதட்டல் இன்னும் கூடியது. பரிசு ஒரு மாதாவுக்குப் போனது.

மறுநாள் காலையில் அக்கா எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்தாள். அம்மா வெளியே வந்து உட்கார்ந்தாள். இருவரும் வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அவ்வளவு சுலபமான கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி என் பரிசைக் கெடுத்தவளோடு எனக்கென்ன பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.