வீட்டுக்குப் போகாத துரியன்

குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிறேன். சாரல் விழும் மாதங்களில் ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன். மற்ற மாதங்களில் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கொய்யா விற்பேன்.

துரியன் வாங்க வருகிறவர்களை நடையிலேயே தெரிந்துவிடும். கணவனும் மனைவியுமாக வருவார்கள். முதலில் ரம்புட்டானைத் தொட்டு விலை கேட்பார்கள். அப்புறம்தான் அந்த முள்ளுப் பழத்தைக் கண்ணால் காட்டுவார்கள். அதைச் சாப்பிட்டால் பிள்ளை உண்டாகும் என்று ஒரு நம்பிக்கை. நான் அதிகம் பேசாதவன். ஆனால் அவர்களிடம் மட்டும், "வெறும் வயித்துல ரெண்டு பேரும் சாப்பிடுங்க, அடுத்த சாரலுக்கு மூணு பேரா வருவீய" என்று சொல்லுவேன். கடை போட்ட நாளிலிருந்து வாய் பழகிப்போன வார்த்தை.

எங்களுக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற அண்ணாச்சி கேட்பார்: "என்னவே, ஊருக்கெல்லாம் பிள்ளப் பழம் குடுக்கீரு. ஒம்ம வீட்டுக்கு ஒண்ணு கொண்டு போனா வெலை கட்டாதோ?" நானும் சிரித்துவைப்பேன். ஒவ்வொரு வருஷமும் முதல் பழம் என் வீட்டுக்குத்தான் போனது என்று அவரிடம் சொன்னதில்லை.

என் மனைவி நல்ல கனம். நாலு மாதத்துக்கு ஒரு தடவை, ஐந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் அவளுக்குத் தீட்டு வரும். கர்ப்பப்பை பக்கத்தில் நீர்க்கட்டி, எடை குறைந்தால்தான் சரியாகும் என்றார் டாக்டரம்மா. நடந்தாள். சோற்றை விட்டாள். குறைந்தது திரும்ப ஏறியது. கடைசியில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு அவளே துணிந்தாள். "வயித்தக் கிழிச்சாலும் சரி, எனக்கு ஒரு பிள்ள வேணும்" என்றாள்.

கார்த்திகையில் திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவள் மருந்து மயக்கத்தில் கிடந்தாள். நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கோங்க. எடை கொறையக் கொறைய ஹார்மோன் எல்லாம் மாறும். முடி கொட்டும். சும்மாவே கோவம் வரும், அழுகை வரும். நீங்கதான் பொறுத்துப் போகணும். மாசாமாசம் தீட்டு சரியா வர ஆரம்பிச்சிரும். ஆனா ஒண்ணரை வருசத்துக்குப் பிள்ள உண்டாகக் கூடாது. ஒடம்புல சத்து இருக்காது. தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. அதுக்குத் தக்கன பாதுகாப்பா இருக்கணும். என்ன? அக்காட்டயும் சொல்லிருங்க."

சரிம்மா என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவள் கொடுத்த தாள் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. மடித்துப் பையில் வைத்தேன்.

காரில் வரும்போது மனைவி கண் விழித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எல்லாம் சரியாயிரும் என்ன?" என்று கேட்டாள். பிள்ளைக்காகவே கத்திக்குப் படுத்தவளிடம் பிள்ளை கூடாது என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எட்டு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதுகாப்புக்கு வேண்டியதை வாங்கவும் முடியவில்லை. தென்காசியில் மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரும் என்னிடம் பழம் வாங்குகிறவர்கள். கடையநல்லூருக்கு பஸ் ஏறிப் போய், முகம் தெரியாத ஒரு மருந்துக்கடையில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இன்னொரு தடவையும் போனேன். அப்போதும் தலைவலி மாத்திரைதான்.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியைச் செய்தேன். முதுகு வலி என்று சொல்லி, பாயை முன்னறைக்கு எடுத்துப் போய்விட்டேன்.

நர்ஸ் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆளே பாதியானாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கைத்தசை தளர்ந்து தொங்கியதை மறைக்க, முழங்கைக்குக் கீழ் வரை ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். டம்ளரை நகர்த்தி வைத்ததற்குக் கத்துவாள். கத்திவிட்டு, கீரைக்காரி விலை சொன்னதற்கு உட்கார்ந்து அழுவாள். "எனக்கே என்னயத் தெரியல" என்பாள். தை மாதத்திலிருந்து தீட்டு நாள் தவறாமல் வந்தது. முதல் தடவை அடுப்படி வாசலில் நின்று, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி என்னிடம் சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "என்னயப் பாத்தா ஒங்களுக்கு அருவருப்பா இருக்கோ?"

"இல்ல."

"அப்பம் எதுக்கு அங்கன போய்ப் படுத்துக் கெடக்கீய? குண்டா இருந்தப்போ வராத முதுகு வலி இப்பம் எப்படி வந்துச்சு?"

நான் சோற்றைப் பிசைந்தேன். வாய் வரை வந்தது. வந்ததும் அந்த வயிற்றுத் தழும்புதான் ஞாபகம் வந்தது. என் பேசாமையையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

சாரல் தொடங்கியது. துரியன் கொண்டுவா என்று தினமும் கேட்டாள். இந்த வருஷம் வரத்து இல்லை என்றேன். பொய். கடையில் இருபது பழம் கிடந்தது. வீட்டில் அவள் கேள்வி. கடைக்கு வந்தால், மூணு பேரா வருவீய என்று நானே சொல்ல வேண்டிய ஜோடிகள். இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற மினி பஸ்ஸில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு. நல்ல கூட்டம். கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு ஜோடிக்குப் பழத்தைப் பிளந்து, சுளையை வாழையிலையில் எடுத்து வைத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு பழம் குடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தேன். மனைவி நின்றாள். சாரலில் முந்தானை நனைந்திருந்தது. சிப்ஸ் அண்ணாச்சிக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. "தங்கச்சி எந்த ஊரு?" என்று கேட்டார்.

"தென்காசிதான். எங்க வீட்டுக்காரர் பழம் விக்காரு. அவரு கடைக்கு வரத்து இல்லையாம்" என்றாள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாரவுகளுக்கெல்லாம் பிள்ள குடுக்கீய. எனக்குத் தர மனசு வரல. பிடிக்கலேன்னா சொல்லிருங்க. எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. தோளில் துணிப்பை தொங்கியது. அதற்குள் மடித்த சேலை தெரிந்தது. அங்கிருந்து புளியங்குடி பஸ் ஏறினால் அவள் அம்மா வீடு. அவள் போனால் கூப்பிடப் போகிற தைரியம் எனக்கு இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணரை வருசம் பிள்ள உண்டாகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிருக்காவ. அதான் தள்ளிப் படுத்தேன். வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அருவிச் சத்தத்தில் கேட்காதோ என்று பயந்து கத்திவிட்டேன் போல. சிப்ஸ் அண்ணாச்சி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கோவில்பட்டிப் பெண் சுளையைக் கையில் வைத்தபடி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்பம் சொன்னாவ?"

"நீ மயக்கமாக் கெடந்தப்ப."

"கார்த்திகைலயா?"

தலையை ஆட்டினேன். அவள் துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். கடையை விட்டுவிட்டுப் பின்னால் போகக் கால் வரவில்லை. எந்த பஸ் ஏறினாள் என்பது சாயங்காலம் வீட்டு விளக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் பேச்சு இல்லை. சோறு மட்டும் வைத்தாள். நான்காம் நாள், "ஆஸ்பத்திரிக்குப் போகணும், கெளம்புங்க" என்றாள்.

அதே நர்ஸ்தான் இருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை முறைத்தாள். "அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னனே, அண்ணாச்சி. அக்காட்ட நீங்க சொல்லலியா?"

எனக்குக் காது சுட்டது. மனைவி முந்திக்கொண்டாள். "சொன்னாவ. நாந்தான் மறந்துட்டேன்."

பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னாள். வெகுநேரம் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அவள் அழுவது கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு காகிதக் கவர்; நான் கடையநல்லூரில் வாங்காமல் திரும்பியது அதற்குள் இருந்தது. கவரை அவள் ஒளிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஆலங்குளம் தாண்டியதும் பேச ஆரம்பித்தாள்.

"ஒங்க மானத்துக்காக அங்கன பொய் சொன்னேன். அதுக்காகச் சரியாப் போச்சுன்னு நெனைக்காதீய."

"சரி."

"நான் எட்டு மாசமா கண்ணாடியப் பாத்துப் பாத்து அழுதேன்."

"தெரியும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று புரிந்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இனிமே எதுன்னாலும் என் போனுக்கே கூப்பிட்டு எங்கிட்டயே சொல்லணும்னு அந்த நர்ஸ் பிள்ளட்ட சொல்லிட்டேன்" என்றாள். "ஆஸ்பத்திரி நோட்டுல இருந்த ஒங்க நம்பர அழிச்சாச்சு."