நாலாவது கல்

முப்பத்தொன்பது மீட்டர் ஆழக் கடலில் கல்லைக் கொட்டிக் கொட்டித் தீவு எழுப்பி, அதன்மேல் பீரங்கிக் கோட்டை கட்டினார்கள். டோக்கியோ விரிகுடாவின் மூன்றாம் கடற்கோட்டை. முப்பது வருட வேலை. முடிந்து இரண்டே வருடத்தில் நிலநடுக்கம் வந்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள் போனது. அதற்குக் கல் இறக்கியவர்களில் ஒருத்தி, கனாயா ஊர் சானோ. போன குளிர்காலத்தில், எழுபத்தோராவது வயதில் இறந்தாள். சவப்பெட்டியில் கிடத்தியபோதும் அவள் மடங்கிய முழங்கால்கள் நிமிரவில்லை.

ஊர் மலையில் கல் வெட்டியது ஆண்கள். இறக்கியது பெண்கள். ஒற்றைச் சக்கர மரவண்டியில் எண்பது கிலோ கல் மூன்று. பிரேக் கிடையாது, வண்டியின் பின்கட்டையைத் தரையில் அழுத்தித் தேய்த்தபடி இறங்கவேண்டும். துறையில் நிற்கும் படகுகளுக்குக் கல்லைப் போட்டுவிட்டு, வெறும் வண்டியை முதுகில் சுமந்து மறுபடி ஏறவேண்டும். நாளைக்கு மூன்று நடை.

சானோவுக்கு இருபத்தெட்டு வயது நடந்தபோது ஒரு புயல், அரைகுறையாக நின்ற தீவைக் கரைத்துக்கொண்டு போனது. ராணுவம் அவசரப்படுத்தியது. இனி நடைக்கு நாலு கல் என்றார் மேஸ்திரி கன்ஜிரோ. ஒரு வாரத்தில் ரியோ என்பவள் வளைவில் சறுக்கினாள். முந்நூற்றிருபது கிலோவும் அவள்மேல் போய் நின்றது.

அவளைப் புதைத்த மறுநாளும் நாலு கல்தான் ஏற்றினார்கள்.

சானோ அந்த வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தினாள். நாலாவது கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். பாதை ஒரு வண்டி அகலம். பின்னால் பத்தொன்பது வண்டிகள் நின்றன.

"என்னடி, சக்கரம் போச்சா?" என்று அடுத்த வண்டிக்காரி ஓமஸா கத்தினாள்.

"சக்கரம் நல்லாத்தான் இருக்கு. கல்லுதான் ஒண்ணு ஜாஸ்தி."

மேஸ்திரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "கடல் வத்துதுடி! படகெல்லாம் தரைதட்டிடும். எடு அதை!"

"ஏத்தச் சொன்னது நீங்கதானே மேஸ்திரி? நீங்களே எறக்குங்க."

"ராணுவத்து உத்தரவு. விளையாடாதே."

"அப்போ ராணுவத்தை வந்து இழுக்கச் சொல்லுங்க. இந்த வளைவுல எப்படிக் குனியணும்னு நான் சொல்லித் தர்றேன்."

பின்னால் சிரிப்பு கிளம்பியது.

"நாளைலேர்ந்து உனக்கு வண்டி கிடையாது!"

"என்னோடதையும் வச்சுக்கோங்க," என்றாள் ஓமஸா. "முதுகாவது ஆறும்."

கீழே படகுக்காரர்கள் கூவத் தொடங்கினார்கள். கன்ஜிரோ கடப்பாரையை எடுத்தார். சானோ எழுந்து வழிவிட்டாள். அவள் கல் மூங்கில் புதருக்குள் உருண்டது. ஓமஸாவும் நாலு கல்லோடு நகர மாட்டேன் என்றாள்; பிறகு அவளுடைய நாலாவது கல். ஒரு பெண்ணும் கைகொடுக்கவில்லை. ஏழாவது வண்டியில் மேஸ்திரி நிமிர முடியாமல் நின்றார்.

"மெதுவா மேஸ்திரி, இன்னும் பதிமூணுதான்," என்றாள் சானோ.

பிறகு மூன்று கல்லோடு வளைவில் குனிந்து இறங்கினாள்.

மறுநாள் அவளுக்கு வண்டி கொடுத்தார்கள். எல்லா வண்டியிலும் ஏற்றியது மூன்று கல்.