திரும்பி வராத ரொட்டி

ரொட்டிக் கம்பெனி முதலாளியிடம் நல்ல செய்தி மட்டும்தான் சொல்லலாம். மற்றதைச் சொன்னவன் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவான்.

ஆரம்பத்தில் அப்படியில்லை. சைக்கிளில் கூடை கட்டி, கடை கடையாய் அவரே ரொட்டி போட்டவர். விற்காததைக் கடைக்காரர் திருப்பி நீட்டினால், ஏன் நின்றது, உப்புக் கூடிவிட்டதா, புதிதாக எவனாவது போட்டிக்கு வந்திருக்கிறானா என்று குடைந்து குடைந்து கேட்பார். மறுநாளே சரிசெய்துவிடுவார். அவர் முன்னுக்கு வந்தது அந்தக் கேள்வியால்தான். அதை மட்டும் மறந்துவிட்டு, தன் மூளை, தன் ராசி, தன் துணிச்சல் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

வேன்கள் வந்தன, கண்ணாடி அறை வந்தது, கோபமும் மூக்கு நுனிக்கு வந்தது. ஒருநாள் வேனில் ரொட்டி மிஞ்சி வந்ததைப் பார்த்துவிட்டு டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"விக்கத் துப்பில்லாதவனுக்கு வண்டி எதுக்குடா? இனிமே ஒரு ரொட்டி கேட்டுக்குள்ள திரும்பி வரக்கூடாது."

வரவில்லை. டிரைவர்கள் என்ன, விவரம் தெரியாதவர்களா? மிச்சத்தைப் பன்றிப் பண்ணையில் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு வந்தார்கள். மேனேஜராக இருந்த மச்சினன், அதையும் விற்றதாகக் காட்டி, கடைக்காரர்கள் தரவேண்டிய பாக்கி என்று எழுதிவைத்தான். முதலாளிக்கு ஒரே பூரிப்பு. மனைவி பேரில் இருந்த வீட்டை அடமானம் வைத்து இரண்டாவது அடுப்பு போட முடிவுசெய்தார்.

பேக்கிங் அக்கா ஒருத்திதான் வாய் திறந்தாள். "முதலாளி, பாதி ரொட்டி பன்னிக்குப் போகுது. நீங்க இப்ப வாங்குற புது மாவுல சுட்டா மறுநாளே உதிருது. அடுப்பு இப்ப வேணாம்."

"என் சோத்தத் தின்னுட்டு எனக்கே புத்தி சொல்றியா?"

மத்தியானமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். மற்றவர்கள் அதன்பின் இன்னும் நன்றாகத் தலையாட்டப் பழகிக்கொண்டார்கள்.

புது அடுப்பில் சுட்ட ரொட்டியும் பன்றிக்குத்தான் போனது. மாவுக்காரன் பணம் கேட்டுக் கழுத்தைப் பிடித்தபோது பாக்கி வசூலிக்க அவரே கிளம்பினார். எந்தக் கடையிலும் பாக்கி இல்லை. ஒரு கடைக்காரர் முகத்துக்கு நேரே சிரித்தார். கம்பெனி போயிற்று. வீட்டையும் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள், மனைவி சமையலறையில் தட்டுகளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்தார்.

"உன் தம்பி என் கழுத்த அறுத்துட்டான். ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"எங்கிட்ட சொன்னான்."

"எப்ப?"

"வீட்ட அடமானம் வைக்கறதுக்கு முன்னாடி."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?"

"போடலைன்னா கத்துவீங்க."

கத்தத்தான் அவர் வாயைத் திறந்தார். அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போலத் தலை குனிந்து நின்றாள்.